லாரிக்குப் போகும் நம் பிள்ளைகள்

நம் சங்க மலர்களில் டாக்டர் பட்டம் பெற்றவர், அமெரிக்கா சென்றவர், பரதநாட்டிய அரங்கேற்றம் செய்த பெண் குழந்தை என்று பலருடைய படங்கள் வருகின்றன. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் மல்காஜ்கிரியிலும் மௌலாலியிலும் லாலாகூடாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்கள் உண்டு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இப்போது பெரிய லாரிக் கம்பெனிகளில் டிரைவராகச் சேர்கிறார்கள். இதைப் பற்றி நம்மவர் யாரும் எழுதக் காணோம். செகந்திராபாத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த டிரைவரை முதல் ஆறு மாதத்துக்குத் தனியாக வண்டியோடு அனுப்பக் கூடாது. பக்கத்து சீட்டில் ஒரு மூத்த டிரைவர் இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். "எங்களுடையது பெரிய கம்பெனி, எல்லாம் முறைப்படி நடக்கும்" என்று சொல்லும் இடங்களில்தான் இதை முதலில் கேட்க வேண்டும். ஒற்றை லாரி வைத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கும் முதலாளியிடம் போய்க் கேட்டு என்ன பிரயோஜனம்?

இதை எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம். இருபத்து நான்கு வயதுப் பையன். மூன்று வருஷம் கார் ஓட்டியவன். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டான். பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. அவன் அம்மா வந்து, "அண்ணா, நீங்கதான் சொல்லணும். பி.எஃப். உண்டுங்கறான், இன்ஷூரன்ஸ் உண்டுங்கறான். அனுப்பலாமா?" என்று கேட்டார். பையனைக் கூப்பிட்டு, "சேர்ந்ததும் என்ன செய்வார்களாம்?" என்று விசாரித்தேன். "ரெண்டு நாள் கிளாஸ் மாமா. வீடியோ போட்டுக் காட்டுவாங்க. மூணாவது நாள் யார்டுல ஓட்டிக் காட்டணும். அப்புறம் வண்டி" என்றான். "கூட யார் வருவார்கள்?" என்றேன். "கூடவா? போன்ல எல்லாம் சொல்வாங்க மாமா, வண்டியில ஜி.பி.எஸ். இருக்கு" என்றான். வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்கும் முன் ஒரு வருஷமாவது இலகு வாகன லைசென்ஸ் கையில் இருந்திருக்க வேண்டும். டிரைவிங் பள்ளிகளுக்கான 1989-ஆம் வருஷத்து மத்திய விதிகள் கனரக வண்டிக்குக் கேட்பது 15 மணி நேர ஓட்டம். 2021-இல் கொண்டுவந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இது ஆறு வாரத்தில் 38 மணி என்று கூடியது. அதிலும் வகுப்பறைப் பாடம் சேர்த்தி. இப்படி லைசென்ஸ் வாங்கிய பையன் கையில் என்ன கொடுக்கிறோம்? பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று முன்பு இருந்தது. 2018 ஜூலையில் அதை 28.5 டன்னாக உயர்த்தினார்கள். எடையை உயர்த்திய அன்று டிரைவரின் பயிற்சியை ஒரு மணி நேரமாவது உயர்த்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முன்பெல்லாம் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் கிளீனர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்திலிருந்து வருகிற எந்த வண்டியிலும் ஒரு பையன் இருப்பான். அவன்தான் நாளைய டிரைவர். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று குறைந்ததைச் சொல்வான். மேட்டில் வண்டி நின்றால் கட்டை எடுத்துக்கொண்டு குதிப்பான். தார்ப்பாயை எந்தப் பக்கம் மடித்தால் மழை உள்ளே போகாது, வாழைக்காய் லோடுக்கு எப்படிக் கயிறு போடுவது, இரும்பு லோடுக்கு எப்படி, எந்த ஊர் செக்போஸ்டில் யார் எதற்குக் கை நீட்டுவார்கள் என்பதெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் அவனுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு ஒரு நாள், ஆளில்லாத நீண்ட ரோட்டில், "டேய், கொஞ்சம் பிடி" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பதினாலு வயதுப் பையன்கள் சம்பளம் இல்லாமல், சோற்றுக்கும் டீக்கும் அடிக்கும் திட்டுக்கும் வேலை பார்த்ததை எங்கள் ஆபீஸ் வாசலில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் இல்லாத கிளீனர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு டிரைவர் தூங்கி, அதனால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. அந்த முறை போனது நல்லதுதான். ஆனால் அது செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இப்போது யாரும் செய்யவில்லை. புது வண்டிகளில் பவர் ஸ்டியரிங் வந்தது, டியூப்லெஸ் டயர் வந்தது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி செக்போஸ்ட்கள் போயின, 2021 பிப்ரவரி முதல் டோல் கேட்டில் ஃபாஸ்டாக் கட்டாயமானது. கிளீனருக்கு இனி என்ன வேலை என்று கணக்குப் பார்த்து, ஒரு ஆளின் பேட்டாவை மிச்சம் பிடித்தார்கள். இன்றைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஒற்றை ஆள்தான் போகிறான்.

நம் ஊரையும் நாமக்கல்லையும் இணைப்பது ஒரே சாலை. அந்த நாளில் காசி முதல் கன்னியாகுமரி வரை என்.எச். 7 என்றார்கள், இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை என்.எச். 44. கட்கேசரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, சம்ஷாபாத்தில் இறங்கி, ஜட்சர்லா, கர்னூல், அனந்தபூர், பெங்களூர், ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் போய் நாமக்கல் சேரலாம். சுமார் 800 கிலோமீட்டர். (மல்காஜ்கிரியில் யார் வீட்டிலாவது போர் போடும் சத்தம் கேட்டால் வெளியே வந்து நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 34 என்று இருந்தால் திருச்செங்கோடு. ஓடிப்போய் ஊர்க்கதை பேசலாம்.)

அந்தச் சாலையில் தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. சேலத்தை நோக்கி இறக்கம். லாரி டிரைவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 2024 ஜனவரியில் அங்கே பாலத்தின் மேல் லாரிகளும் காரும் ஒன்றோடொன்று மோதி, ஒரு லாரி கீழே விழுந்து, தீப்பிடித்து எரிந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பும் பல விபத்துகள். அங்கு விபத்து நேரும்போதெல்லாம் போலீசார் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: இறக்கத்தில் நியூட்ரலில் போகாதீர்கள்.

ஏன் நியூட்ரலில் போகிறான்? டீசலை மிச்சம் பிடிக்கத்தான். மிச்சம் பிடித்தால் சில இடங்களில் டிரைவருக்கு மைலேஜ் படி கிடைக்கும். அதிகம் செலவானால் சம்பளத்தில் பிடித்தம். நியூட்ரலில் போட்டவுடன் என்ஜினின் பிடிப்பு விட்டுப்போகிறது. இருபத்தைந்து டன்னும் பிரேக் டிரம்மின் மேல் வந்து விழுகிறது. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க லைனிங் சூடேறிப் புகைகிறது; ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. என்ஜினையே அணைத்துவிடுகிற மகான்களும் உண்டு. ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றுவதே என்ஜின்தான், பவர் ஸ்டியரிங்கும் அதனால்தான் இயங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதற்குள் கணவாய் முடிந்துவிடும், அல்லது வண்டி முடிந்துவிடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். வீடியோவிலும் இதைச் சொல்லலாம். ஆனால் பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்போது, இரவு மூன்று மணிக்கு, மூன்றாவது கியரில் பொறுமையாக இறங்கும் துணிவு பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து "அவன் கத்தட்டும், நீ போ" என்று சொன்னால்தான் வரும்.

இந்திய முழுவதற்குமான கணக்கைப் பார்த்தால் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் புது டிரைவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பேச நான் வரவில்லை. வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் உறவினர்கள் பலர் இருக்கிற கனடாவில், சாஸ்காட்சுவான் மாநிலத்தில், 2018 ஏப்ரல் 6 அன்று ஐஸ் ஹாக்கி விளையாடும் இளைஞர்கள் போன பேருந்து ஒரு லாரியோடு மோதியது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். லாரியை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போன இளைஞர். வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான். முதலாளியோடு இரண்டு வாரம் போய்வந்த பிறகு தனியாக அனுப்பப்பட்டவர். பின்னால் இரண்டு டிரெய்லர். தார்ப்பாய் ஒன்று அவிழ்ந்து படபடப்பதைக் கண்ணாடியில் கவனித்துக்கொண்டே வந்ததில் சந்திப்பில் இருந்த நிறுத்தப் பலகையைக் கவனிக்கவில்லை. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். 8 வருஷம் சிறைத்தண்டனை விதித்தார்கள். லாரி முதலாளிக்குக் கிடைத்தது 5,000 டாலர் அபராதம். அதன் பிறகு, 2019-இல், அந்த மாநிலத்தில் கனரக டிரைவர்களுக்கு 121.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது.

எட்டு வருஷமும் ஐயாயிரம் டாலரும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தார்ப்பாய் கட்டத் தெரியாததற்கு யார் பொறுப்பு, தெரியாதவனைத் தனியாக அனுப்பியதற்கு யார் பொறுப்பு?

நம் நாட்டிலும் விஷயம் அந்தத் திசையில்தான் போகிறது. புதிய நியாய சன்ஹிதாவில் விபத்து செய்துவிட்டு போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று ஒரு பிரிவு வந்ததும், 2024 புத்தாண்டை ஒட்டி லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஐதராபாத்தில் பெட்ரோல் பங்க்குகளில் மைல் கணக்கில் வரிசை நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 ஜூலை 1-இல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது 106(2) என்ற அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு உதவி செய்து 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கூட்டம் அடிக்க வந்தால் அங்கேயே நிற்க வேண்டியதில்லை என்பதையும் அதே சட்டம் ஒத்துக்கொள்கிறது. முதல் டிரிப் போகிற பையனுக்கு இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

கம்பெனிக்காரர்களின் பதிலும் எனக்குத் தெரியும். அவர்கள் பக்கம் உட்கார்ந்து பில் போட்டவன்தானே நான்! "இரண்டு டிரைவருக்குச் சம்பளம் கொடுத்தால் வாடகை கட்டாது, பழக்கிவிட்டால் ஆறு மாதத்தில் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான்" என்பார்கள். முதல் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பெட்டியில் அடைத்த பார்சலுக்குக் கிடைக்கும் வாடகையில் இரண்டு பேட்டா என்பது சுமைதான். ஆனால் ஒரு வண்டி கவிழ்ந்தால் நிற்கிற நாட்கள், சரக்கு நஷ்டம், கோர்ட்டு, அடுத்த வருஷ இன்ஷூரன்ஸ், இதெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? ஆயிரம் வண்டி வைத்திருக்கும் இடத்தில் புதியவர்களை மூத்தவர்களோடு சேர்த்து அனுப்புவது முடியாத காரியம் அல்ல. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஜோடிகளைப் போடத் தெரியாதா? இரண்டாவது வாதம், அதாவது ஓடிவிடுவான் என்பது, சம்பளத்தைச் சரியாகக் கொடுத்தால் தானே அடங்கும். நாமக்கல்லில் தமிழக அரசோடு சேர்ந்து அசோக் லேலண்ட் 1995-இல் டிரைவர் பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கே பழகியவர்களெல்லாம் ஒரே கம்பெனியிலா இருக்கிறார்கள்? அதனால் யாருக்கு நஷ்டம்?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தி. நாக்பூரிலும் பேசுவான், கர்னூலிலும் பேசுவான், கிருஷ்ணகிரியிலும் பேசுவான். பெரிய கம்பெனிக்கு இது பொன் மாதிரி. ஆனால் அதுவே வினையாகவும் முடியும். "இவனுக்கு எல்லா பாஷையும் தெரியும், தனியாகவே சமாளித்துக்கொள்வான்" என்று சீக்கிரமே தள்ளிவிடுவார்கள். பாஷை தெரிந்தால் வழி கேட்கலாம், பிரேக் பிடிக்காது.

ஆகவே வேலைக்குப் போகும் முன் பெற்றோர் கூடப் போக வேண்டும் என்பேன். கல்லூரியில் சேர்க்கும்போது போகிறோம் அல்லவா? எத்தனை நாள் மூத்தவரோடு போவான் என்று கேளுங்கள். அதை எழுத்தில் கேளுங்கள். சம்பளம் மாதக் கணக்கா, டிரிப் கணக்கா என்று கேளுங்கள். டிரிப் கணக்கு என்றால் லோடுக்காகக் காத்து நிற்கும் நாட்களுக்கு என்ன, சரக்கு குறைந்தால் யார் கட்டுவது, தாமதமானால் பிடித்தமா என்பதெல்லாம் முதல் நாளே தெரிய வேண்டும். முக்கியமாக, தூக்கம் வருகிறது என்று வண்டியை ஓரம் கட்டினால் கேள்வி கேட்பார்களா என்று கேளுங்கள். 1961-இல் வந்த மோட்டார் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு போட்டது. ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வண்டியில் உள்ள கருவியே அதைப் பதிவு செய்துவிடும். நம் பக்கத்தில் இந்த நேரக் கணக்கை எழுதியவன் யார், பார்த்தவன் யார்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. குளுகுளு என்று இருந்தால் தூக்கம் இன்னும் சுகமாக வரும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையோ லைசென்ஸையோ ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்க வேண்டாம். நகல் போதும். காஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் என்றால் அபாயகரமான சரக்குக்கான தனிப் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் இல்லாமல் ஏறவே கூடாது. செர்லபள்ளிப் பக்கம் போகிற வண்டிகளைத் தினமும் பார்க்கிற நமக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "எங்கேப்பா இருக்கே, சாப்பிட்டியா?" என்று மணிக்கொரு முறை போன் செய்யாதீர்கள். அவன் எடுப்பான், எடுக்காமல் இருக்க மாட்டான். வண்டி நின்ற பிறகு அவனே கூப்பிடட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் தெருப் பையனுக்காக நானும் அவன் அம்மாவும் அந்த ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை மாதிரி இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை சார்" என்றார். கடைசியில் மூன்று டிரிப்புக்கு ஒரு மூத்த டிரைவரோடு அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். ஆறு மாதம் எங்கே, மூன்று டிரிப் எங்கே! ஆனாலும் அந்த மூன்றில் ஒன்றாவது தொப்பூர் வழியாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். பையனுக்குத்தான் கொஞ்சம் வெட்கம், அம்மா கூட வந்ததில்.

நம் சங்கத்தில் ரயில்வேயிலும் ராணுவத்திலும் டிரான்ஸ்போர்ட்டிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். ராணுவத்தில் கனரக வண்டி ஓட்டியவர்களே நாலைந்து பேரை எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், லாரி வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அவர்கள் முன்வர வேண்டும். வேலை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீல் அன்பர் இருந்தால் இன்னும் நல்லது. செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், கம்பெனிகளுக்குச் சங்கத்தின் பெயரில் எழுத வேண்டிய கடிதத்தை நானே தயார் செய்து தருகிறேன். மூன்று டிரிப் என்பதை மூன்று மாதமாகவாவது ஆக்கிக் காட்டலாம்.